பருப்பு சாப்பிட்டவனின் வாக்குமூலம்

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி ராமையா தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். மூன்று வாரமாக எல்லோரும் கேட்ட கேள்விதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், சுகாதார இலாகாக்காரர் கேட்டார், பஸ் கம்பெனி மேனேஜரும் கேட்டார். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்: கோப்பெங் ஜைனுலாப்தீன் நானா கடையில் ரொட்டி சானாய், பருப்பு. நாலாவது தடவை சொன்னபோது எனக்கே மூக்கில் பருப்பு வாசம் அடித்தது.

பக்கத்து நாற்காலியில் என் மனைவி நவமணி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்பது அவள் யோசனை. "காசுக்கு இல்லங்க" என்று கிராணியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். "தப்புப் பண்ணிட்டேன்னு அந்த ஆளு ஒரு வார்த்த சொல்லணும். எனக்காக எடுக்க இருந்த காவடி இது."

அதைச் சொல்லவேண்டும். என் பெயர் சன்னாசி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. நான் ஈப்போ கோப்பெங் தடத்தில் பஸ் கண்டக்டர். போன வருடம், 1978இல், நவமணிக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, யாரும் கேட்காமலே, கல்லுமலைக் கோவிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். பிழைத்து வந்தாள். இந்தத் தைப்பூசத்துக்கு இருபத்தொரு நாள் விரதம். கையில் மஞ்சள் கயிறு, முகத்தில் தாடி, தரையில் பாய். எனக்குத் துணையாக அவளும் கறி மீனை விட்டாள். பதினான்காம் நாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். ஐந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். பூசத்தன்று கழிவறை வரைக்கும்தான் நடக்க முடிந்தது. சுகாதார இலாகாக்காரர்கள் நானாவின் கடையைப் பூட்டி, மறு உத்தரவு வரை திறக்கக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டிவிட்டார்கள்.

"சரி அண்ணே" என்றார் ராமையா. "வாங்கினது எத்தன மணி? வாய்ல வச்சது எத்தன மணி? லோயரு மொதல்ல இதத்தான் கேப்பாரு."

ஆச்சரியமாக இருந்தது. மூன்று வாரத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. வாங்குவதற்கும் தின்பதற்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது என்பது சட்டத்துக்கு எப்படித் தெரிந்தது? சுவர் அலமாரியில் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் என்னைப் போன்ற ஒருவன் ஏற்கெனவே இருக்கவேண்டும்.

"பன்னெண்டு மணி" என்றேன்.

"ரெண்டும்?"

"ஆமா."

அவர் தட்டவில்லை. ஆஸ்பத்திரி அறிக்கையைப் புரட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "இதுல வாந்தியில எறச்சி இருந்துச்சுனு போட்டிருக்கான். என்னா அண்ணே, பருப்புக்குள்ள கறி எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நவமணி முந்திக்கொண்டாள். "கறிக் கரண்டிய பருப்புல போட்டிருப்பான்! பாத்தீங்களா? வெரதக்காரங்களுக்குத் தனி அடுப்புனு சொல்றதெல்லாம் சும்மா!"

ராமையாவின் முகம் மலர்ந்தது. "அப்படினா கேஸு ஸ்ட்ராங்கு லா. வெரதம் இருக்கறவனுக்குக் கறிய ஊட்டிட்டான். அந்த ஆளு லைசென்சே பறந்துடும்."

தப்பிப்பதற்கு இவ்வளவு அகலமான கதவை என் வாழ்நாளில் யாரும் எனக்குத் திறந்ததில்லை. நுழைந்தால் போதும். ஆனால் அந்தத் தனி அடுப்பை நான் பார்த்திருக்கிறேன். தை பிறந்தால் நானா புதுச் சட்டி வாங்குவார். அவர் சம்சாரம் லத்தீபாதான் பருப்பு தாளிப்பார்; அந்த அடுப்புப் பக்கம் கறிக்கரண்டி வரவே வராது. மஞ்சள் கயிறு கட்டியவன் எவ்வளவு கொடுத்தாலும் கறி கிடையாது. அதனால்தான் நான் பொய் சொல்லி வாங்கினேன்.

பதினான்காம் நாள் எனக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். பசி இல்லை. பதின்மூன்று நாள் ஒழுங்காக இருந்தவனுக்கு, தான் இன்னும் பழைய ஆள்தானா என்று பார்க்க ஓர் ஆசை. அவ்வளவுதான்.

"அந்தத் தாள எடுத்துருங்க கிராணி" என்றேன். "பருப்பும் வாங்கித் தின்னேன், ஆனா கெடுத்தது அது இல்ல. ஆட்டுக்கறி. டிரைவருக்குனு சொல்லி புங்குஸ் பொட்டலமா கட்டி வாங்கினேன். பன்னெண்டு மணிக்கு."

"தின்னது?"

"அஞ்சர."

"அதுவரைக்கும்?"

"டிக்கெட் பெட்டிக்குள்ள. இஞ்சின் பக்கத்துல."

பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் தாடியைப் பார்த்து என்னைச் 'சாமி' என்று கூப்பிட்டார்கள், அதனால் பொட்டலத்தைப் பிரிக்க இடமே கிடைக்கவில்லை, நாலு நடை போய்வந்த பிறகு டிப்போவில் பழைய டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றேன் என்பதையும் சொன்னேன். ராமையா சிரிப்பை அடக்க இருமினார். நவமணி இருமவும் இல்லை, திரும்பவும் இல்லை. கைப்பையின் கொக்கியை ஒருமுறை திறந்து மூடினாள்.

"கேஸு இல்ல அண்ணே" என்றார் ராமையா. பிறகு வேறொரு தாளைச் செருகினார். "கடக்காரர் மேல தப்பில்லனு சுகாதார இலாகாவுக்கு ஒரு கடுதாசி அடிச்சிருவோம். கையெழுத்துப் போடுவீங்கல்ல?"

போட்டேன். ஒரு நகலை நவமணி வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

வெளியே வந்து வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவள் கோப்பெங் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அன்று என் லீவு நாள். என் பஸ்ஸில் நானே பயணியாக, வேறொருவனிடம் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வழிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் என்னிடம் கேட்டபோதும் திரும்பவில்லை.

"ருசியா இருந்துச்சா?"

"ஊசிப்போயிருந்துச்சு."

"தெரிஞ்சுதான் தின்னீங்களா?"

"தெரிஞ்சுதான்."

பஸ் சிம்பாங் பூலாய் ஊரைத் தாண்டியது. "எனக்கும் பத்தாம் நாள் கருவாட்டு மேல ஒரே நெனப்பா இருந்துச்சு" என்றாள். மன்னிப்பா, குற்றப்பத்திரிகையில் இன்னொரு வரியா? கேட்கத் தைரியம் வரவில்லை.

நானா பூட்டிய கடையின் வாசற்படியில் தினசரியை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பேப்பரை மடித்தார். "வாங்க தம்பி. ஒடம்பு தேவலையா? அந்தப் பருப்ப நானும்தான் சாப்பிட்டேன், எங்கே தப்பு நடந்துச்சுனே வெளங்கல. சட்டிய எல்லாம் தூக்கிப் போட்டுட்டோம்."

நவமணி கைப்பையைத் திறந்தாள். கடுதாசியை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவரு ஒங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம் நானா."

அவர் உள்ளங்கையால் ஒரு சோடாப் பெட்டியைத் தட்டித் துடைத்து அவளுக்குப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். பிறகு அவர் படியின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். கொஞ்சம் முன்புவரை அவர் முதுகு மறைத்திருந்த சிமெண்டில் இப்போது வெயில் விழுந்து கிடந்தது.