கரா-தோபோவில் தட்டிய சத்தம்

ஓஷ் நகரத்தில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வாழ்த்துச் சொல்ல எழுகிற பெரியவர்கள் வோட்கா ஏறி முதலில் அலறுவார்கள், பிறகு அழுதுகொண்டே முணுமுணுப்பார்கள். இரண்டையும் கடைசி மேஜைவரை ஒரே சீராகக் கேட்கவைப்பவன் சகின் ஒருவன்தான். அலறலைக் கம்ப்ரெசரில் அமுக்குவான், முணுமுணுப்பைத் தூக்கிக் கொடுப்பான். யாரும் பேசாதபோது ஏறும் இரைச்சலுக்கு கேட் வைத்திருந்தான். அது கதவு மாதிரி. சகின் வைத்த அளவுக்குமேல் சத்தம் வந்தால் திறக்கும், அதற்குக் கீழே என்றால் திறக்காது.

கரா-தோபோ நிலக்கரிச் சுரங்கம் இடிந்த மூன்றாம் நாள், மீட்பு வேலைக்குப் பொறுப்பான அசனாலியெவ் ஆள் அனுப்பி அவனை வரவழைத்தார். உள்ளே மூன்று பேர். மலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு நாற்பது மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டிருந்தார்கள். அதற்குள் மைக்கை இறக்கிக் கேட்க வேண்டும்.

ரெக்கார்டரையும் ஓடவிட்டு இறக்கினான். ஹெட்ஃபோனை மாட்டிய அசனாலியெவ் அடுத்த நொடியே பிடுங்கி எறிந்தார்.

"என்னய்யா இது, காதுக்குள்ள லாரி ஓடுது!"

"ஜெனரேட்டர் சத்தம், மலை வழியா இறங்குது. அஞ்சு நிமிஷம் அதை நிறுத்தினா..."

"நிறுத்தினா பம்பு நிக்கும், தண்ணி ஏறும். அந்த மூணு பேரும் முங்கிச் சாகட்டும்ங்கிறியா? கல்யாணத்துல பெரிய கெட்டிக்காரன்னு சொன்னாங்களே, காட்டு பார்ப்போம்."

சகின் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலின் அளவுக்குச் சற்று மேலே கேட்டின் அளவை ஏற்றி வைத்தான். இரைச்சல் அறுத்தாற்போல் நின்றது. உயிரோடு இருந்தால் பதில் தட்டுவார்கள் என்று துளைக்குழாயில் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார்கள். அந்த அடி காதைப் பிளக்காமல் இருக்கக் கம்ப்ரெசரை இறுக்கினான்.

"ஆங், இப்ப சுத்தமா இருக்கு," என்றார் அசனாலியெவ்.

அடித்தார்கள், காத்திருந்தார்கள். மறுபடி அடித்தார்கள். இரண்டு மணி நேரம் இதுவே நடந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட மக்சாதின் மனைவி புருல் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரை யாருக்கும் ஊற்றவும் தோன்றாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"தம்பி, ஏதாச்சும் கேக்குதா?"

"இல்லக்கா."

"மூச்சுகூடவா?"

"ஒண்ணுமே இல்லக்கா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இந்தப் பக்கம் யாரும் உயிரோடு இல்லை என்று முடிவுசெய்து, துளையிடும் எந்திரத்தைச் சுரங்கத்தின் கிழக்கு வாயிலுக்கு நகர்த்தினார்கள். சகின் வயரைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பினான்.

இரண்டு நாள் கழித்து, ஒரு மண்டபத்தில் மதியக் கல்யாணத்துக்குச் செட் போட்டுக்கொண்டிருந்தபோது, ரெக்கார்டரில் இடம் இல்லை. பழையதை அழிக்கலாம் என்று திறந்தான். அன்று மலையில் ரெக்கார்டருக்குப் போன வயர் கேட்டுக்கு முன்னாலேயே மைக்கிலிருந்து கிளை பிரிந்திருந்தது. அதனால் துளைக்குள்ளிருந்து வந்தது வந்தபடியே பதிவாகியிருந்தது. அழிப்பதற்குமுன் சும்மா ஒரு நிமிஷம் கேட்டான். ஜெனரேட்டரின் அடிக்குரலை மட்டும் கழித்துவிட்டுக் கேட்டான்.

டொக், டொக், டொக். ஒரு இடைவெளி. மறுபடி மூன்று.

மேலே சம்மட்டி அடிக்கும்போதெல்லாம் கீழே யாரோ பதில் அடித்திருக்கிறார்கள். கல்லால் கல்லின்மேல், கேட் திறக்காத அளவுக்கு மெல்லிசாக. இரண்டு மணி பத்து நிமிஷம். கடைசிப் பத்து நிமிஷத்தில் மேலிருந்து அடி நின்றுவிட்டது. கீழே நிற்கவில்லை. இன்னும் வேகமாக அடித்தார்கள்.

சகின் மணமகன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காரை எடுத்தான். அவன் போய்ச் சொன்னதும் எந்திரம் பழைய இடத்துக்கு வந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் மாலை உள்ளே இறங்கினார்கள். மூன்று சடலங்கள். இரண்டு பேர் இடிந்த அன்றே போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் இறந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை என்றார் மருத்துவர். அது மக்சாத்.

அசனாலியெவ் சகினைத் தன் ஜீப்புக்குள் உட்காரவைத்தார்.

"இதை வேற யார் கேட்டா?"

"யாரும் இல்ல."

"அப்ப அழிச்சிரு. சத்தத்தைக் கட் பண்ணது உன் கை. ஜெயிலுக்குப் போறதா இருந்தா முதல்ல நீதான் போவ. எனக்கென்ன?"

சகின் ஜீப்பை விட்டு இறங்கினான். அழிக்கவில்லை.

புருல் வீட்டு முற்றத்தில் துக்கத்துக்குக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சகின் அவளை வெளியே கூப்பிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"குடு," என்று கை நீட்டினாள்.

விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இரண்டு மணி பத்து நிமிஷமும் கேட்டாள். வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் ஒரு கையால் அவர்கள் முதுகைத் தடவினாள், மறு கையால் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முடிந்ததும் கழற்றி மடியில் வைத்தாள்.

"நீ ஒண்ணுமே இல்லன்னு சொன்னியே, அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன்டா," என்றாள். "மூணு நாளா கண்ணை மூடல. சரி, போய்ட்டான், கஷ்டப்படாமப் போய்ட்டான்னு நெனச்சு, நிம்மதியாத் தூங்கினேன். அவன் தட்டிக்கிட்டு இருந்திருக்கான்."

"அக்கா, என்னை..."

"மன்னிப்பு மட்டும் கேட்டுராத. என்கிட்ட அது இல்ல. விசாரணைக்கு வர்றவங்ககிட்ட இதைக் குடு."

கொடுத்தான். மூன்று பேர் கொண்ட குழு நாலு நிமிஷம் கேட்டது. கருவியின் குறைபாடு என்று ஒரு வரி எழுதி மூடியது. அசனாலியெவ் வேறு மாவட்டத்துக்குப் போனார். சகினை யாரும் பிடிக்கவில்லை, கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

நாற்பதாம் நாள் துக்க விருந்துக்குப் புருல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். ஏன் கூப்பிட்டாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கால்சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஊர்த் திருப்பத்தில் காரை நிறுத்தினான். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டு முற்றத்தில் அண்டாக்களின் புகையும், குதிரைகளைக் கட்டுகிற ஆட்களும் தெரிந்தார்கள். அரைமணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு காரைத் திருப்பினான்.