முன்னால் வளைந்த கொக்கி

எங்கள் அருங்காட்சியகத்தில் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. எதை ஆராய்கிறோமோ அதுதான் பெயர். நத்தைகளைப் பார்ப்பவர் நத்தை. பாசிகளைப் பார்ப்பவர் பாசியக்கா. என் வீட்டுக்காரர் பறவைப் பிரிவு என்பதால் அவர் இறகு. நான் தோல் தின்னும் வண்டுகளை ஆராய்பவள். அந்த வண்டுக்கு வாய்த்த பேரெல்லாம் அதன் புழு செய்கிற வேலையால் வந்தது. ஆகவே நான் புழு. எங்கள் கல்யாணத்துக்கு வந்த நத்தை, சாப்பாட்டுப் பந்தியிலேயே அவரைப் பார்த்து, "இறகைப் புழு கட்டிக்கிட்டா கடைசியில என்ன மிஞ்சும்னு யோசிச்சீங்களா தம்பி?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

செத்த விலங்கு ஒன்றைக் கீழ்த்தளத்தில் என் அறைக்குக் கொண்டு வந்தால், பத்து நாளில் எலும்பு மட்டும் திரும்பிப் போகும். வௌவாலின் விரல் எலும்பு தலைமயிர் கனம்தான் இருக்கும். அதைக்கூட உடைக்காமல் சுத்தம் செய்து கொடுக்கும் என் புழுக்கள். எந்தக் கத்தியாலும் அது முடியாது. ஆனால் அதே புழு மாடியேறிப் போனால் தொலைந்தோம். மூன்றாம் மாடியில் பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய பறவைகள் இருபதாயிரம், இழுப்பறை இழுப்பறையாக. இறகும் தோலும் அதற்கு விருந்து.

அதனால்தான் என் அறை வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. கோட்டைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் அன்றைக்கு மாடியிலுள்ள சேகரிப்பு அறைகளுக்குப் போகக் கூடாது. வீட்டுக்குப் போய்க் குளித்து, துணி மாற்றி, மறுநாள்தான் போகலாம். தினமும் பறவைகளோடு இருக்கிற மனிதர் எப்படி என் அறைக்கு வருவார்? ஒன்பது வருஷமாக என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று வீட்டுச் சாவி கேட்பார், மகளின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வார், கோபம் வந்தால் சண்டையும் போடுவார். அவர் ஆராயும் பறவைகளின் பெயரெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வண்டை அவர் ஒருமுறைகூட உயிரோடு பார்த்ததில்லை.

புது இயக்குநர் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வந்த வாரமே கீழ்த்தளத்துக்கு வந்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கட்டடத்துக்குள்ளயே இதை வளக்கணுமா?" என்றார்.

"இது இல்லாம எலும்புப் பிரிவு நடக்காது சார்."

"ஒரு தடவை தப்பு நடந்தா போதும், அன்னிக்கே இந்த அறைய மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அதற்கப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஆராய்ச்சித் துறையை ஒரே வரியில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் புதிய பட்டியலில் அது வரும். வேண்டாத வரிகளை அவர் அடித்துவிடுவார் என்று பேச்சு அடிபட்டது. நத்தை பதினாறு தடவை திருத்தி எழுதினார். பாசியக்கா தன் கணவரை எழுதச் சொல்லி அதையும் கிழித்துப் போட்டார். நான் எழுதியது, 'தோல் தின்னும் வண்டுகள்: இனம் காணலும் வளர்ப்பும்.' படிக்கப் படிக்க, இதை அடிப்பதற்கு ஒரு பேனா கூட வேண்டாம், நகத்தாலேயே சுரண்டிவிடலாம் என்று தோன்றியது. எனக்கு வேறு எதுவும் தெரியாது. இந்த ஒன்றைத்தான் என் வயசில் பாதியைச் செலவழித்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் கீழே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கோட்டுக்கு வெளியே, என் எழுத்து மேசை இருக்கிற சின்ன முன்னறையில் நின்றுகொண்டு கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"சிவப்புச் சீட்டு இழுப்பறையில இருந்துச்சு" என்றார்.

சிவப்புச் சீட்டு கட்டிய பறவை என்றால், அந்த இனத்துக்கு முதன்முதலில் எதைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ அந்த ஒரே பறவை. அது போனால் அதற்கு மாற்று கிடையாது. குப்பிக்குள் அரிசி நீளத்தில் ஒன்று கிடந்தது. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் மயிர், உள்ளே வெறும் காற்று. ஒரு புழு வளரும்போது உரித்துப் போட்ட சட்டை.

"பறவை?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. ரெண்டு தடவை பாத்துட்டேன். இழுப்பறைய பிளாஸ்டிக்ல சுத்தி வச்சிருக்கேன்." அவர் குப்பியைச் சுட்டிக் காட்டினார். "உன்னோடதா?"

"பாத்தாத்தானே தெரியும்!" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அது அவருக்குப் பழக்கம்.

மேசையிலிருந்த நுண்ணோக்கிக்கு அடியில் அதை வைத்தேன். இந்த வகைப் புழுவின் வால் பக்கம் இரண்டு குட்டிக் கொக்கிகள் இருக்கும். கூரையில் செத்துக் கிடக்கிற புறாவைத் தின்ன வெளியிலிருந்து வருகிற புழுவுக்கு அந்தக் கொக்கி வாலை நோக்கிப் பின்னால் வளைந்திருக்கும். நான் வளர்க்கும் இனத்துக்குத் தலையை நோக்கி முன்னால் வளைந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

பின்னால் இருக்க வேண்டும், பின்னால் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே குமிழைத் திருகினேன். தெளிவாகத் தெரிந்தது. முன்னால் வளைந்திருந்தது.

"ஏம்மா, பேசு" என்றார் அவர்.

"கொக்கி முன்னால வளைஞ்சிருக்கு. என்னோடதுதான்."

"எப்படி? நீ மேல வரவே இல்லியே."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் கூட அந்த விதியை நான் மீறியதில்லை. என் துணிகளை வீட்டில் தனியாகத் துவைக்கிறேன். என் கைப்பையை மகள் தொட்டால்கூடக் கத்துகிறேன். பள்ளியில் அம்மா என்ன வேலை என்று கேட்டதற்கு அவள் 'புழு வளர்ப்பு, கோபப்படுதல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்படி இருக்கிறவள் நான்.

உரித்த சட்டையைத் திரும்பக் குப்பியில் போட்டேன். அப்போது அவர் குப்பியைப் பார்க்கக் குனிந்து, பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைக் கூட்டோடு கொண்டு வந்தேன். என் மேலங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டு காலை வேலையெல்லாம் முடித்தேன். மத்தியானம் அவர் வந்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கை நீட்டிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் நின்றே வாங்கிக்கொண்டார். ஒருத்தர் காலும் கோட்டைத் தாண்டவில்லை என்பதில் இருவருக்குமே அன்றைக்குத் திருப்தி. கூடு தாண்டியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"அதைக் குடுங்க" என்றேன்.

கூட்டைத் திறந்தேன். உள்ளே மெத்தென்ற நீலத் துணி ஒட்டியிருந்தது. மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி.

"இது என்ன?"

"சின்னதா ஓட்டை விழுந்திருந்துச்சு. கண்ணாடி கீறிடும்னு ஒட்டினேன்."

"ஓட்டையப் பாத்துட்டுப் பிளாஸ்திரி ஒட்டினீங்களா?"

"துணி நைஞ்சிருச்சுன்னு நினைச்சேன்..."

பறவையின் ஒற்றை இறகைக் காட்டினால் அது எந்த இனம், எந்த வயசு, எந்த மாசம் உதிர்ந்தது என்று சொல்கிற மனிதர் அவர். புழு துளைத்த ஓட்டை அவர் கண்ணுக்கு நைந்த துணி. பிளாஸ்திரியை உரித்தேன். அடியில் துணியைக் குடைந்து செய்த குழிக்குள் ஒரு வண்டு, கறுப்பாக, உயிரோடு, வெளியே வர வழி தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. புழுக்கள் வண்டாக மாறுகிற பருவத்தில் தீனியை விட்டுவிட்டு மெத்தென்ற இடமாகத் தேடிப் போய்க் குடையும். ஒன்று இங்கேயே குடைந்திருக்கிறது. இன்னொன்று இழுப்பறையில் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறது. இரண்டோடு நின்றதா, இன்னும் இருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "புறாவோடதுன்னு சொல்லிடு" என்றார்.

"என்னது?"

"கூரையில புறா செத்துக் கிடக்கும். எப்பவும் கிடக்கும். அங்கருந்து வந்ததுன்னு எழுதிக் குடு. அந்த ஒரு இழுப்பறைய உறைபெட்டியில வச்சா, இருக்கிற புழுவும் குளிர்ல செத்துடும். பறவைக்குத்தான் ஒண்ணும் ஆகலியே. நாளைக்குப் பட்டியல் போயிடும். உன் அறை தப்பிச்சிடும். நீ சொன்னா மறுத்துப் பேச யாரும்மா இருக்காங்க?"

உண்மைதான். நான் பின்னால் என்றால் பின்னால். மூச்சு விடாமல் ஒரு நிமிஷம் அதை நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆசையாக இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இந்தக் கூட்ட எங்கெல்லாம் வச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்க போனாலும் கூடத்தான் இருக்கும்."

"மூணு வாரத்துல எத்தனை இழுப்பறை திறந்தீங்க?"

எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுகிறவர் அவர். எண்ணிக்கை அவருக்குத் தெரியும். "அறுபத்திரண்டு" என்றார்.

"புறான்னு சொன்னா ஒரு இழுப்பறையத்தான் உறைய வைப்பாங்க. மத்த அறுபத்தொண்ணு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பறவைகளுக்காக மழை ஒழுகிய ஒரு நாள் தன் சட்டையைக் கழற்றி இழுப்பறைமேல் போர்த்திவிட்டு வெறும் உடம்போடு நின்றவர். அந்த மனிதர் எனக்காக அறுபத்தொரு இழுப்பறையைக் கைவிடத் துணிந்து வந்திருக்கிறார். அது புரிந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா? எந்திரிங்க. போய் அந்த அறுபத்திரண்டுக்கும் பட்டியல் எடுங்க" என்று கத்தினேன்.

இயக்குநர் அறைக்கு நான் மட்டும் போனேன். குப்பியையும் கண்ணாடிக் கூட்டையும் மேசையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முடிந்ததும் அவர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது உங்க அறையோடதுதான்னு வேற யாராவது உறுதி பண்ண முடியுமா?"

"இங்க யாராலயும் முடியாது சார்."

"அப்ப வெளியிலருந்து வந்ததுன்னு நீங்க சொல்லியிருந்தா?"

"நம்பியிருப்பீங்க."

அவர் குப்பியைக் கீழே வைத்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே பேசினார். "பறவை மாடியை ரெண்டு வாரம் பூட்டுங்க. யாரும் போகக் கூடாது. அறுபத்திரண்டையும் உறைபெட்டிக்கு அனுப்புங்க. உங்க அறை..." என்று நிறுத்தினார். மனம் மாறிவிட்டாரோ என்று ஒரு நொடி பைத்தியக்காரத்தனமாக நம்பினேன். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. நான் முன்னாடியே சொல்லியிருக்கேன்."

"பட்டியல்ல என் வரி?"

"வண்டே இல்லாம அந்த வரிய எப்படிப் போடறது?"

"சார், அந்த வரி இல்லன்னா நீங்க இன்னிக்குக் கூரையில புறாவத் தேடிக்கிட்டு இருப்பீங்க" என்றேன். அவர் அந்த வரியை அடிக்கவும் இல்லை, வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் முழுக்க மாடியிலிருந்து இழுப்பறைகள் பிளாஸ்டிக் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தன. நத்தையும் பாசியக்காவும்கூடத் தூக்கினார்கள். நத்தை என் வாசலைக் கடக்கும்போது வழக்கமான கிண்டலுக்கு வாயைத் திறந்து, என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு போனார். அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் என் தொட்டிகளை ஒவ்வொன்றாக மூடி ஒட்டினேன். ஏழு தொட்டி. அவையும் அதே உறைபெட்டிக்குத்தான் போக வேண்டும். இழுப்பறைகள் போவது பிழைப்பதற்கு, இவை போவது சாவதற்கு. கடைசித் தொட்டியில் ஒரு வௌவால் பாதி முடிந்த நிலையில் கிடந்தது. உள்ளே அவை மும்முரமாக வேலை பார்க்கும் சத்தம், பொரி கொறிக்கிற மாதிரி, கேட்டுக்கொண்டே இருந்தது. அதை மட்டும் மூட எனக்குக் கை வரவில்லை.

நாலு மணி இருக்கும். வாசலில் நிழல் தட்டியது. அவர் வழக்கம்போல மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் தூசி.

"அறுபத்திரண்டும் ஏத்தியாச்சு. இன்னொரு புழுவும் கிடைச்சுது, அதே இழுப்பறையில, அடியில இருந்த தக்கைய குடைஞ்சுக்கிட்டு. பறவையத் தொடல" என்றார்.

"சரி" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன்.

"மாடியப் பூட்டிட்டாங்க."

"தெரியும்."

"ரெண்டு வாரம் நான் அங்க போக முடியாது."

"அதுவும் தெரியும். வீட்டுச் சாவி மேசையில இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. சாவி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பினேன். அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. சுற்றிலும் பார்த்தார், யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வந்தவரைப் போலக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். பிறகு மூடாத தொட்டியின்மேல் குனிந்தார். பையைத் தடவினார். கூடு இயக்குநர் மேசையில் இருப்பது நினைவுக்கு வந்து, சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்றார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

"முன்னால வளைஞ்சிருக்கும்னு சொன்னியே, அதைக் காட்டு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுக்கியை எடுத்தேன்.