சிவப்பு விலகிய டப்பா

காலம் இப்படியும் கெட்டுக் கிடக்கிறது பாருங்கள். ஒரு காலத்தில் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டு, படித்த பெண் ஒருத்தி காரில் ஏறி வீட்டுக்கே வருவாள் என்று தையல்காரம்மா கனவிலும் நினைத்ததில்லை.

வந்தவள் பவுடர் கம்பெனியின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்தவள். நாற்காலியில் கிடந்த துணிகளைத் தானே ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து, பிறந்த குழந்தையைப் பிரிப்பதுபோல அத்தனை பக்குவமாகப் பிரித்தாள். உள்ளே விளிம்பு துருவேறிய தகர டப்பா. அதில் ஒரு பெண்ணின் முகம். உதட்டுச் சிவப்பு மட்டும் உதட்டில் இல்லாமல் ஒரு நூல் தள்ளி, கொஞ்சம் மேலேறி விழுந்திருந்தது. அதனால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

தையல்காரம்மாவின் கால் தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது. அந்த டப்பாவால்தான் அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாமல் போனான்.

"பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினதுல இருந்து எங்க பவுடர யாரும் சீண்டுறதில்லம்மா," என்றாள் வந்தவள். "அதான் ஊர் ஊரா போய் ஜனங்ககிட்ட கேட்டோம், எங்க பவுடர்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருதுன்னு. வாசனைய ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் சொன்னது, சிரிப்ப அடக்கிட்டு ஒரு பொண்ணு நிப்பாளே, அவதான். அதனால பழைய டப்பாவையே திரும்பக் கொண்டுவரப் போறோம். அதே கோணல் உதட்டோட."

"கோணலோடயா?" என்றாள் தையல்காரம்மா.

"கோணல்தான்மா முக்கியம். கம்ப்யூட்டர்ல எத்தனை தடவை வரைஞ்சு பாத்தாச்சு, அந்தச் சிரிப்பு வரமாட்டேங்குது. இத அச்சடிச்ச கலைஞர கண்டுபிடிச்சு விளம்பரத்துலயே பேச வைக்கணும்னு எங்க ஆசை."

கலைஞராம். தையல்காரம்மாவுக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல.

கதை இதுதான். அவள் புருஷன் அந்தக் கம்பெனி அச்சுக்கூடத்தில் கலர் மிஷின் ஓட்டியவர். கலர்க்காரர் என்றால்தான் இன்றைக்கும் தெருவில் தெரியும். அவளுடைய தம்பியை அங்கே கையாளாகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். தகரத்தில் ஒவ்வொரு நிறமாக ஏற்றிக்கொண்டே வந்து கடைசியில் சிவப்பு போடுவார்கள். ஒருநாள் சிவப்பு விலகிவிட்டது. கவனிப்பதற்குள் ஒரு லோடு தகரம் அச்சாகி முடிந்திருந்தது. தகரத்தைத் தூக்கிப்போட முதலாளிக்கு மனசு வரவில்லை, அப்படியே டப்பாவாக்கி ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே. 'என் மச்சான்தான் பண்ணான்' என்று சொல்லிவிட்டு வந்தார் கலர்க்காரர். தம்பிக்கு அன்றைக்கே சீட்டைக் கிழித்தார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். "சேத்துவிட்ட மனுஷனுக்கு இப்படியாடா பேர் வாங்கிக் குடுப்ப?" ஆரம்பித்தவள் மூச்சுவிட்டபோது வாசல் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வருவான், ஓரமாக நிற்பான், போய்விடுவான். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. செய்ததையும் செய்துவிட்டு இவனுக்கு ரோஷம் வேறா என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். வீம்பெல்லாம் வெளியில்தான். யாருக்காவது சட்டை தைக்கும்போது அளவு தம்பியின் அளவாக அமைந்துவிட்டால், அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த கலர்க்காரர் டப்பாவைக் கையில் வாங்கினார். ஜன்னல் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அந்த உதட்டைத் தடவினார்.

"இது யார் சார் பண்ணது?" என்று கேட்டாள் விளம்பரப் பெண்.

எப்போதும் சொல்வதைத்தான் சொல்லப்போகிறார் என்று தையல்காரம்மா ஊசியில் நூலைக் கோக்கப் போனாள்.

"நான்தான்," என்றார் கலர்க்காரர். நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிட்டது. "செவப்பு வச்சதும் நான், மிஷின் ஓட்டினதும் நான். செவப்புல மட்டும் வேற யாரையும் கைவைக்க விடமாட்டேன்."

"வேணும்னே சிரிக்க வச்சீங்களா சார்?"

"பின்ன? மூஞ்சி உம்முனு இருந்துச்சு. கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னு..."

விளம்பரப் பெண் உருகிப்போனாள். அடுத்த வாரம் பழைய அச்சுக்கூடத்திலேயே படம் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கார் தெருமுனை திரும்பும்வரை தையல்காரம்மா வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள்.

"அப்ப என் தம்பி?"

கலர்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பெருமை கண்ணை மறைத்ததில் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பூசி மெழுகப் பார்த்தார். "அது... அந்த நேரத்துல... கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் வேலைய விட்டிருந்தா நம்ம கதி என்ன? அவன் தனி ஆளு. எங்க போனாலும் பொழச்சுக்குவான்னு..."

"தப்பா இருந்தப்ப அவன் பண்ணது. அழகா ஆனதும் நீங்க பண்ணதா?"

அவர் குனிந்து தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"போய் பேசுங்க. வேணாம்னு சொல்லல. ஆனா பேசினா முழுசாப் பேசணும்," என்றாள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

படம் எடுக்கிற நாளில் அவளும் கூடப் போனாள். அங்கே நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்து, பிறகு அதையே உப்புத்தாள் போட்டுச் சுரண்டிப் பழசாக்கியிருந்தார்கள். ஒருவர் புத்தம்புது டப்பாக்களின் விளிம்பில் தேநீர் நிறத்தில் ஏதோ தடவித் துரு வரவழைத்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா ஒரு டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். துரு விரலோடு வந்துவிட்டது. கலர்க்காரருக்கு நீளக் காலர் வைத்த சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, பழைய மிஷின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"அந்த நாள் ஞாபகத்த சொல்லுங்க சார்," என்றாள் விளம்பரப் பெண்.

கலர்க்காரர் கேமராவைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"நான் வேணும்னு பண்ணல," என்று ஆரம்பித்தார். "வீட்டுக்குப் போற அவசரத்துல செவப்ப சரியான எடத்துல நிறுத்தி வைக்கல. மாட்டிக்குவோம்னு பயந்து என் மச்சான் தலையில கட்டிட்டேன். அவன் வேலை போச்சு. நான் இருந்துட்டேன்."

விளம்பரப் பெண் மெதுவாகக் கிட்டே வந்தாள். நல்ல பெண்தான், குரலில் மரியாதை குறையவில்லை. "சார், அந்த மச்சான் விஷயம் இல்லாம ஒரு தடவ சொல்லிடலாமா? பழைய ஞாபகம்னா பாக்கிறவங்களுக்கு இனிப்பா இருக்கணும்."

"அது இல்லாம இது இல்லம்மா," என்றார் அவர். சட்டையைக் கழற்றி, மடித்து, மிஷின்மேல் வைத்தார்.

விளம்பரம் பிறகு வராமலில்லை. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ ஒரு நடிகர், மூஞ்சி உம்மென்று இருந்த கதையைக் கண்கலங்கச் சொன்னார். டப்பா சக்கைப்போடு போட்டது.

ஒருநாள் தையல்காரம்மாவும் கடையில் ஒன்று வாங்கினாள். வாங்கிய கையோடு தம்பியின் சைக்கிள் கடைக்குக் கிளம்பினாள். கலர்க்காரர் கூடவே வந்தார். தெருமுனை வந்ததும் கால் நகரவில்லை. "நீ முன்னாடி போ," என்று அங்கேயே நின்றுவிட்டார்.

தம்பி ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப்போட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. அவள் டப்பாவை அவன் எதிரில் வைத்தாள்.

"பாத்தேன்க்கா. எல்லாக் கடையிலயும் அடுக்கி வச்சிருக்கான்."

"அவருதான்டா பண்ணாரு. அவரே சொல்லிட்டாரு," என்றாள். சொல்லும்போது புருஷன்மேல் இருந்த ஆத்திரம் திரும்பவும் பொங்கியது. "பாவி மனுஷன், இத்தனை வருஷம் மனசுக்குள்ள வச்சிருந்திருக்காரு."

"எனக்குத் தெரியாதாக்கா? அந்த நேரத்துல நான் மிஷின் பக்கமே இல்ல. குடோன்ல தகரம் எண்ணிட்டிருந்தேன்."

"பின்ன ஏன்டா ஒரு வார்த்த சொல்லல?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"மாமா பயந்துட்டாரு. பயந்தா மனுஷன் என்னத்தயும் சொல்லுவான். அத நான் அன்னைக்கே விட்டுட்டேன். உங்கிட்ட சொல்லலாம்னுதான் வாசல் வரைக்கும் வந்தேன். நீ திட்டின. கேக்கல."

புருஷன்மேல் அத்தனை நாளாக ஏற்றிவைத்திருந்த கோபம் நிற்க இடமில்லாமல் போனது. அவர் சொன்ன பொய் ஒரு வரி. அதை உண்மையாக்கியது யார்? சின்ன வயதில் வீட்டில் எந்தச் சாமான் உடைந்தாலும் அம்மாவுக்கு முந்திக்கொண்டு தம்பியைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்பாள். அவன் ஆமாம் என்றால் மறைப்பாள், இல்லை என்றால் நம்புவாள். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

அவள் அவன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். மண், எண்ணெய் எதையும் பார்க்கவில்லை.

"நீயாடா பண்ண?" என்று கேட்டாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லக்கா," என்றான். "நான் பண்ணல."

"சரிடா," என்றாள் அவள்.

அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் கறுப்பாயிற்று. கவிழ்த்துப்போட்டிருந்த சக்கரத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். தெருமுனைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மாமா ஏன் வெயில்ல நிக்கிறாரு, வரச் சொல்லு," என்றான். பிறகு கடைக் கதவை இழுத்துக்கொண்டே கேட்டான், "வீட்ல சாப்பாடு இருக்காக்கா?"