பெட்ரோல் பங்க்கில் இருபத்தைந்து நிமிடம்

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு டாலர், டீகன்! கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள்ளயே இருக்கு. முதல் டாங்க் டீசல்கூட அவங்க செலவு."

"எங்கெங்க இறங்கிப் பார்ப்பீங்க, அப்பா?"

"இறங்குறதா? எதுக்கு? முன்கண்ணாடி எவ்வளவு பெருசு தெரியுமா? எல்லாம் அதுலயே தெரியும்."

ஆறு வருடங்களுக்கு முன் தொலைபேசியில் நடந்த பேச்சு இது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் அப்பா ராட்னி பண விஷயத்தில் வேடிக்கை பேசுகிறவர் அல்ல என்பது தெரிந்தும் சிரித்தேன்.

சுற்றுலா வருகிறவர்கள் சிட்னியில் வேனை வாடகைக்கு எடுத்து, கெய்ன்ஸில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். காலி வேன் சிட்னிக்குத் திரும்பியாக வேண்டும். ஆள் வைத்து ஓட்டினால் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று கம்பெனிக்காரர்கள் ஒரு டாலர் வாடகைக்கு வண்டியைக் கொடுத்து அப்பாவைப் போன்றவர்களைப் பிடிக்கிறார்கள். இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், நான்கு நாள். தாமதித்தால் அபராதம். வழி விலகி அதிகம் ஓட்டினால் அதற்குத் தனி அபராதம். சம்பளமில்லாத டிரைவர் வேலை என்று நான் சொல்வேன். விடுமுறை என்று அப்பா சொல்வார்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது இந்த விடுமுறை நடக்கும். பெரும்பாலும் சிட்னியிலிருந்து மலிவு டிக்கெட்டில், விடியற்காலை விமானத்தில் கெய்ன்ஸுக்குப் போவார்கள். பெட்டிக்குக் கட்டணம் என்பதால் அம்மா மூன்று சட்டை, இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இறங்கும் ஊரில் முப்பத்திரண்டு டிகிரி வெயில். உலகமே தேடி வரும் பவளப்பாறை அங்கேதான் இருக்கிறது. என் பெற்றோர் ஏழு முறை கெய்ன்ஸுக்குப் போயும் அதைப் பார்த்ததில்லை. விமான நிலையத்திலிருந்து வேன் நிற்கும் இடம், அங்கிருந்து நெடுஞ்சாலை, அவ்வளவுதான். ஒருமுறை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அடிலெய்டுக்கு வேன் ஓட்டினார்கள். உலுரு பாறையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உலுருவுக்குத் திரும்பும் சாலையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார்களாம். அப்பா அதன் பக்கத்தில் நின்று, கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்து அனுப்பினார்.

நான் இருப்பது கெய்ன்ஸ்-சிட்னி வழியில், யாம்பா என்ற கடலோர ஊரில். நெடுஞ்சாலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே. போக வர முப்பது. அந்த முப்பது அப்பாவின் கணக்கில் இல்லை. அதனால் இந்த வழியாக வரும் ஒவ்வொரு பயணத்திலும் முதல் நாளே செய்தி வரும்: 'வியாழன் 11.40. பெட்ரோல் பங்க். 25 நிமிடம்.' நான் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவேன். என் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று என்னைப் பெற்றவர்களுக்குத் தெரியாது.

இந்த முறையும் அதே செய்தி வந்தது. எனக்கு ஒன்பதாவது மாதம் தொடங்கியிருந்தது. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான் இடம். என் கணவன் ஹேமிஷ் இறால் படகில் போனால் நாலு நாள், அஞ்சு நாள் வரமாட்டான். பின்னறையில் ஒரு கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்து வைத்திருந்தேன். யாருக்கு என்று ஹேமிஷ் கேட்டான். சும்மா என்றேன். அம்மாவுக்கு என்று அவனிடம்கூட வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

வேன் சரியாக 11.38க்கு வந்தது. ஊதா நிறம், பக்கவாட்டில் கண்ணாடி அணிந்த ஒரு பெரிய தவளைப் படம். அறுபத்தெட்டு வயது மனிதர் அதிலிருந்து ராஜா மாதிரி இறங்கினார்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் பாத்தியா?" என்றார், என் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே.

"மாலை போடட்டுமா?" என்றேன்.

அம்மா மறுபக்கக் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினாள். மூன்று நாள் உட்கார்ந்தே வந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. என்னிடம் வந்தவள் இரண்டு கைகளையும் என் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே உதை விழுந்தது.

"ராட், இங்க வா, கைய வச்சுப் பாரு."

"இரு கிளெனிஸ், சர்க்கரை எடுத்துட்டு வந்துடறேன்."

பங்க் கடையில் காபி வாங்குகிறவர்களுக்காக வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்தார். காபி வாங்கவில்லை. ஃப்ளாஸ்க்கில் டீ இருந்தது. சீஸ் சாண்ட்விச் இருந்தது, நேற்றையது. கார் நிறுத்தும் இடத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலிகளைப் போட்டார். கல்லாவில் இருந்த பெண் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

"நேத்து எங்க தூங்கினோம் சொல்லு பாப்போம்?" என்றார் அப்பா. "ஃபுட்பால் கிரவுண்டுக்குப் பின்னாடி! காசே கிடையாது. குளிக்க சுடுதண்ணி வேற!"

"சுடுதண்ணி இல்ல, வெதுவெதுப்பு" என்றாள் அம்மா.

"அவளுக்கு எதுலயும் குறை. எத்தன ஊரு காட்டியிருக்கேன்!"

"பெயர்ப்பலகை காட்டியிருக்கீங்க" என்றேன்.

"நக்கலைப் பாரு! கிளெனிஸ், உன் பொண்ணுக்கு வாய் குறையவே இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கம்பளிச் சட்டையை எடுத்தாள். வண்டியிலேயே பின்னியது. ஒரு கை முடிந்திருந்தது, மற்றது பாதியில் நின்றது. "குலுங்குறதுல கண்ணி தப்பிப்போகுது. குழந்த பொறக்குறதுக்குள்ள முடிச்சுடுவேன். தபால்ல அனுப்புறேன்."

தபாலில். அந்த ஏமாற்றத்தை வழக்கம்போல அப்பாவின் பக்கம் திருப்பிவிட்டேன்.

"தபால் செலவு ஆகுமே, அப்பா தாங்குவாரா? அடுத்த வேன்ல வரும்போது இந்தக் குப்பைத்தொட்டிகிட்டயே குடுத்துடுங்க. குழந்தைக்கும் இதான் உங்க வீடுன்னு சொல்லி வளக்கிறேன்."

அப்பா சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"நீ எப்பவாவது வீட்டுக்கு வான்னு கூப்பிட்டியா?"

"கூப்பிட்டா வந்துடுவீங்களா? எத்தன கிலோமீட்டர்னு கேப்பீங்க."

"கேப்பேன். கேட்டுட்டு வந்திருப்பேனோ என்னவோ! ஆறு வருஷமா பங்க்குக்கு நீதான வர்ற? ஒரு தடவகூட 'தங்கிட்டுப் போங்க'ன்னு உன் வாயில வரலையே."

அவர் சொன்னது உண்மைதான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் 'அவசியமா அது?' என்றுதான் பதில் வரும். ஐஸ்கிரீமுக்கும் அதே, பள்ளிச் சுற்றுலாவுக்கும் அதே. அந்தப் பதில் காதில் விழக்கூடாது என்று எதையும் கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்காமல் இருக்கிறவள் கேலி செய்து காலம் தள்ளலாம். நன்றாகவே தள்ளினேன்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். நாற்காலிகளை மடக்கி உள்ளே போட்டார். "நாளைக்கு மூணு மணிக்குள்ள வண்டிய ஒப்படைக்கணும்" என்றார், யாரையும் பார்க்காமல். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமுடியில் டீசலும் பழைய ரொட்டியும் கலந்த வாடை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கதவைச் சாத்த முயன்றபோது சாத்த முடியவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விடு டீகன், நேரமாச்சு" என்றார் அப்பா.

"என்ன கண்ணு?" என்றாள் அம்மா.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று தோன்றியது.

"இறங்கும்மா" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு. குழந்த பொறக்குற வரைக்கும் என்கூட இரு."