ஸுவைலிமின் மகள்

“எம் பேரைச் சொல்லுங்க யாபா. இவங்க எல்லாருக்கும் முன்னாடி.”

அப்பாவிடம் இப்படிக் கேட்ட ஹம்தாவைக் குகைக்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் வீட்டுப் பெண்ணின் பெயர் ஒலிக்கக் கூடாது. அப்பாவிடம் அதைக் கேட்கவே கூடாதென்று அம்மா ஹம்தாவைக் கிள்ளிக் கிள்ளி வளர்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை. வாதி ரம் பாலைவனத்தின் வெயிலுக்கு ஒதுங்கி, காற்று குடைந்த மணற்பாறைக்குள் ஹம்தாவின் குடும்பமும் சித்தப்பாவின் குடும்பமும் விரிப்பில் உட்கார்ந்திருந்தன. வெளியே மணலில் புதைத்த ஆடு வெந்துகொண்டிருந்தது.

“பேரு எதுக்கும்மா? கறி வேகலைன்னா சொல்லித் திட்டவா?” சித்தப்பா ஃபலாஹ் சிரித்தார்.

“இந்தக் கல்லெழுத்தைப் படிச்சது யாருன்னு ஆய்வுக்காரங்க கேட்டிருக்காங்க. யாபா தம்பி பேரைக் குடுத்துட்டாரு. நாயிஃபுக்கு இதுல ஓர் எழுத்து தெரியுமா?”

“எனக்கு நம்ம எழுத்தே தகராறு,” என்றான் நாயிஃப். யாரும் சிரிக்கவில்லை.

குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. மூத்தவளும் அவள்தான். ஆனாலும் ஊருக்கு அப்பா, ‘நாயிஃபின் தகப்பன்’.

ஹம்தா சுவரில் விளக்கடித்தாள். செதுக்கிய ஒட்டகங்களுக்குக் கால்கள் உதிர்ந்திருந்தன. வேட்டைக்காரர்கள் மணலாகிவிட்டார்கள். அடியில் ஒரு வரி மட்டும் மிச்சம்.

“‘ஸாதின் மகள் ராமியா எழுதியது.’ இந்த வழியாப் போன ஆம்பளைங்க எத்தனை பேர் படிச்சிருப்பாங்க? ஸாதோட மானம் போயிடுச்சா?”

அப்பா எழுந்து வந்தார். அந்த வரிமேல் விரல் வைத்தார். எடுத்தபோது நுனியில் சிவப்பு மணல். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது.

“எம் மக... நம்ம வீட்டுப் பொண்ணு நல்லாத்தான் படிச்சிருக்கு,” என்றார். “மத்ததை வீட்ல பேசிக்கலாம்.”

ஆய்வுக் கூடாரத்தை இன்று மாலை பிரித்துவிடுவார்கள். வீட்டில் பேச நேரம் ஏது? காலையிலேயே எழுதி மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்து, உரக்கப் படித்தாள்.

“‘படித்தது நாயிஃப் அல்ல. ஸுவைலிமின் மகள் ஹம்தா.’”

ஊர் மறந்திருந்த தன் சொந்தப் பெயரைக் கேட்டு அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் வாய் திறந்து அவள் பெயரைச் சொல்லியிருந்தால், அவரையும் கூடாரத்துக்கு அழைத்துப் போயிருப்பாள்.

“ஏய், மணல் கொதிக்குதுடி! செருப்பு!” வெளியே கிளம்பியவளைப் பார்த்து அம்மா கத்தினாள்.

விரிப்பில் உட்கார்ந்தபோதே அவள் செருப்பைக் கழற்றவில்லை. தாளோடு வெளியே இறங்கி, கூடாரத்தை நோக்கி நடந்தாள்.