கதவு எத்தனை உதை தாங்கும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உடைப்பதற்குத்தான் சம்பளம். தலைக்கவசம், பேருந்து இருக்கை, ஜன்னல் கண்ணாடி, கதவு எதுவானாலும் கடைக்குப் போவதற்கு முன்னால் அதன் மாதிரி ஒன்று எங்களிடம் வந்து அடி வாங்க வேண்டும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை நாங்கள் ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டோம். வீட்டில் ஒரு டம்ளரைக் கீழே போட்டால் மனைவி முறைப்பாள். இங்கே போடாவிட்டால் மேலாளர் முறைப்பார். இரண்டு இடத்திலும் நான் தப்பித்ததில்லை.

அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அறிவியல், பொறியியல், கணக்கு என்று படித்தால் பின்னால் என்னென்ன வேலைக்குப் போகலாம், அதற்கு மேல்வகுப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று காட்டுவதற்காகப் பள்ளிக்கூடம் அவர்களை இடம் இடமாகக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தது. முந்தைய நாள் மருந்து ஆய்வகத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்களாம். தூங்க மட்டும் விடாதீர்கள் என்று வகுப்பு டீச்சர் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

அதில் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. தலைக்கவசம் மாட்டிய தர்பூசணி ஒன்று, மாட்டாத தர்பூசணி ஒன்று. இரண்டின் மேலும் மாடி உயரத்திலிருந்து இரும்புக் குண்டை விட்டோம். இரண்டாவது பழம் சிவப்பாகச் சிதறி முன்வரிசையின் முகத்தில் தெறித்தது. ஒருத்தி கன்னத்தை வழித்துக்கொண்டே இன்னொன்று போடச் சொன்னாள். பிள்ளைகளைப் பூ என்று சொன்னவர் யாராக இருந்தாலும் முன்வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

அடுத்தது கதவு. அதை நடத்துபவர் எங்கள் மூத்த பொறியாளர், ஜூல் அக்கா. அடியின் ஆற்றலை ஜூல் என்ற அளவில்தான் சொல்வோம். அக்கா தன் கணவரின் கோபத்தையும் அதே அளவில் சொல்வதால் வந்த பட்டம் அது. பெரிய இரும்புத் தூண்களுக்கு நடுவே கதவை நிலையோடு பொருத்தி, எதிரே மணல் மூட்டையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருப்போம். மூட்டையைப் பின்னால் இழுத்து விட்டால் அது ஒரு முரட்டு ஆளின் உதைக்குச் சமம்.

அப்போதுதான் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். ஒல்லி. கூட இருந்த பிள்ளைகள் அவளைக் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். தர்பூசணிக்குச் சிரிக்காத ஒரே ஆள்.

"சார், ஒருத்தர் ஷூ போட்டுக்கிட்டு உதைச்சா இந்தக் கதவு எத்தனை உதை தாங்கும்?"

"உதைக்கிற ஆளைப் பொறுத்ததும்மா. நான் உதைச்சா கதவு சிரிக்கும்."

கூட்டம் சிரித்தது. எனக்கு அதுதான் வேண்டும். வாய்க்கொழுப்பு எனக்குச் சம்பளத்தோடு வரும் படி.

"எண்பத்தஞ்சு கிலோ இருப்பாரு சார். குடிச்சிருப்பாரு."

சிரிப்பு அப்படியே நின்றது. ஜூல் அக்காதான் அவளை முன்னால் வரச் சொல்லி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மூட்டையை இழுத்து விட்டார்.

மூன்றாவது அடியில் கதவு படீரென்று திறந்தது. தாழ்ப்பாளுக்கு ஒரு கீறல் இல்லை. அது போய் நுழைகிற தகட்டை நிலையில் பிடித்திருந்த குட்டை ஸ்க்ரூக்கள்தான் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. அவள் ஒன்றை எடுத்துப் பார்த்து, வீட்டில் இருப்பதும் இதே அளவுதான் என்றாள். விரல் நீள ஸ்க்ரூ போட்டு மறுபடி அடித்தோம். கதவு நின்றது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொரு அடிக்கும் கைதட்டினார்கள். அவளுடைய வலது தோள் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் போய் எதற்கோ முட்டுக் கொடுத்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

டீச்சர் அன்றே அவளுடைய அம்மாவிடம் பேசினார். விஷயம் வெளியே வந்தது. அப்பா குடித்துவிட்டு வரும்போதெல்லாம் தாயும் மகளும் பின்னறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்வார்கள். கதவு தாங்குகிற வரை அடி கிடையாது. டீச்சர் போலீசுக்கும் சொல்லிப் பார்த்தார். அம்மா புகார் கொடுத்தால் வருகிறோம் என்றார்கள். அம்மாவோ பயத்தில் கொடுக்கவில்லை. சனிக்கிழமை தாய்மாமா வண்டியோடு வந்து இருவரையும் கூட்டிப் போகிறார், அதுவரைக்கும் அந்தக் கதவு நின்றால் போதும், மகள் சொல்கிற ஸ்க்ரூவை யாராவது போட்டுத் தருவார்களா என்பதுதான் அம்மா கேட்ட ஒரே உதவி.

வியாழக்கிழமை மதியம் நானும் ஜூல் அக்காவும் போனோம். அப்பா வேலையில் இருக்கும் நேரம். மாடி வீடு. பின்னறைக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க ஷூ தடம், ஒன்றன்மேல் ஒன்றாக. அம்மாவின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. மூடாத கண்ணால் பார்த்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குண்டூசி பக்கத்தில் நின்று ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக நீட்ட, நான் துளை போட்டு முறுக்கினேன். ஒன்றுக்கு மூன்று தாழ்ப்பாள். கோட்டைக் கதவு மாதிரி ஆகிவிட்டது. இனி யானையைக் கூட்டிவந்தால்தான் உண்டு என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். மிச்சச் சாமானைக் கீழே வண்டியில் வைக்க அக்கா இறங்கிப் போனார்.

அவர் போன கையோடு வாசலில் ஷூ சத்தம். அப்பாவை வேலையிலிருந்து பாதியிலேயே துரத்தியிருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்திருந்தார்.

அம்மா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து மூன்று தாழையும் போட்டார். உள்ளே ஓர் ஆண் இருப்பதைக் காட்டிக்கொடுக்க, வெளியே விழுந்து கிடந்த என் செருப்பு போதுமானதாக இருந்தது.

"எவன்டா உள்ள? வெளிய வாடா. இன்னிக்கு மூணு பேரையும் கொன்னுட்டுத்தான் போவேன்."

முதல் உதை விழுந்தது. அறை முழுக்க அதிர்ந்தது. அலமாரிக்குள் பாத்திரங்கள் உருண்டன. இரண்டாவது, மூன்றாவது. சாதாரண மனிதன் என்றால் ஜன்னலைத் திறந்து கத்தியிருப்பான், போன் பண்ணியிருப்பான், குறைந்தபட்சம் கட்டிலுக்கடியில் போயிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? முட்டி போட்டு உட்கார்ந்து, தாழ்ப்பாள் தகட்டின் மேல் செல்போன் விளக்கை அடித்து ஸ்க்ரூ நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். ஒன்றும் நகரவில்லை. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

கதவில் தோளைக் கொடுத்து நின்ற குண்டூசி சொன்னாள்: "சார், கதவைப் பாக்காதீங்க. சுவத்தைப் பாருங்க."

நிலையைச் சுற்றிச் சிமெண்ட் பொரிந்து மாவு மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிலை இரும்புத் தூணில் மாட்டியிருக்கும். அது எந்த ஜென்மத்திலும் அசையாது. அங்கேயே கிடந்து கிடந்து, வீடு என்றால் சுவர் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கும் அக்காவுக்கும் மறந்துபோயிருந்தது. ஸ்க்ரூவை மரம் விடவில்லை. மரத்தைச் சுவர் விட்டுக்கொண்டிருந்தது.

அவளைப் பிடித்து இழுத்துத் தள்ளத்தான் எனக்கு நேரம் இருந்தது. அடுத்த உதையில் கதவு, நிலை, மூன்று தாழ்ப்பாள் எல்லாம் ஒரே துண்டாக என் மேல் சாய்ந்தன. என் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. காய்ந்த முருங்கைக்கிளை ஒடிகிற சத்தம்.

கதவின் மேல் ஏறி அவர் உள்ளே வந்தார். எனக்குத் தெரிந்தது ஒரு ஜோடி ஷூவும் அம்மாவின் பாதங்களும்தான். பாதங்கள் தரையை விட்டு எழும்பின. முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். அலமாரியில் தலை மோதியது. மறுபடி மோதியது. ரத்தம் தரையில் சொட்டி என் மூக்குப் பக்கமாக ஓடி வந்தது. நான் கதவைத் தள்ளினேன். அவ்வளவு உறுதியாகப் பண்ணியிருந்தேன், என்னாலேயே தள்ள முடியவில்லை.

குண்டூசி தரையில் கிடந்த என் சுத்தியலை எடுத்தாள். குனிந்து ஷூவுக்கு மேலே கணுக்காலில் அடித்தாள். அவர் முடியை விட்டுவிட்டுத் திரும்பினார். அதே இடத்தில் இன்னொரு தடவை அடித்தாள். அவர் மாடு மாதிரி அலறிக்கொண்டு விழுந்தார். மூன்றாவது தடவைக்கு அவள் ஓங்கியபோது சுத்தியல் கணுக்காலுக்கு நேராக இல்லை, தலைக்கு நேராக இருந்தது.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும்மா. வா, போயிடலாம்."

இருவரும் கதவின் மேல் ஏறி ஓடினார்கள். கதவுக்குக் கீழே நான். அவர்கள் வைத்த ஒவ்வொரு அடியும் என் முறிந்த எலும்பில் இறங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு வலியை நான் அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டதில்லை.

கீழேயிருந்து சத்தம் கேட்ட அக்கா ஏற்கனவே போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார். தவழ்ந்து படிக்கட்டு வரை வந்த அப்பாவைப் போலீஸ் அங்கேயே பிடித்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். எனக்குத் தோளில் கட்டு. போலீஸ் அம்மாள் ஒருவர் வந்து உட்கார, அம்மா இந்த முறை தானாகவே எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். தாய்மாமா சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது.

ஜூல் அக்கா குற்ற உணர்ச்சியில் கரைந்துபோயிருந்தார். சுவரில் இரும்பு முளை அடித்து நிலையை மறுபடி நிறுத்தித் தருகிறேன், இந்த முறை தப்பு நடக்காது என்றார்.

"வேணாம் மேடம். நாங்க இனிமே அந்த வீட்டுக்குப் போகப்போறதில்ல" என்றார் அம்மா. "வெளிய போகவேண்டியது அவரு மட்டும்தான்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்."

என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் குண்டூசி. சுத்தியல் பிடித்த கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஏதாவது கோமாளித்தனமாகச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்தேன். அவளே பேசினாள். உங்கள் கூடத்தில் சுவர் கட்டி அதையும் சேர்த்து அடித்துப் பார்க்கிற வேலைக்கு எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று கேட்டாள். நான் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்குக் கால் ஒடஞ்சிருக்குமாம்மா?"

"ஒடஞ்சிருந்தா கட்டுப் போடுவாங்க. நீ கொஞ்சம் தூங்குடா."

வெளியே இன்னும் வெயில் இருந்தது. அந்த வார்டுக்குக் கதவு கிடையாது. ஒரு துணித் திரை, அதுவும் பாதிதான் மூடும். யார் யாரோ வந்தார்கள், போனார்கள், தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. அவள் நாற்காலியில் சுருண்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.