காய் முற்றிய பிறகு மருந்து

மருந்துத் தெளிப்பானின் பித்தளைக் குழாயால் அண்ணன் என் தோளில் அடித்தான். வலி எலும்பு வரைக்கும் இறங்கியது. நான் வரப்பை விட்டு நகரவில்லை.

"வழி உடு புள்ள. காடே மஞ்சளாப் போச்சு. நோவு கண்ணுக்குத் தெரியலயா?"

"நோவு இல்லீங்ண்ணா, பழுக்குது. சோயா மொச்சை முத்துனா எலை மஞ்சளாகிக் கொட்டும். நீங்க நெலக்கடலையையே பாத்துப் பழகிட்டீங்க."

மீனாட்சிபுரத்தில் சோயா போட்டது நாங்கள் மட்டும்தான். போன வருடம், 1975-இல், முதல் வெள்ளாமை. காய்க்குள் பருப்பு பிடிக்கிற நேரம் பார்த்துப் புழு இலையைச் சல்லடையாக்கியது. இப்போதே மருந்து அடித்தால் பயிர் தப்பிக்கும் என்றேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. "காலேஜுப் படிப்பு காட்டுக்கு ஆவாது" என்று அண்ணன் ஆறுச்சாமி சிரித்தான், மருந்து அடிக்கவில்லை. விளைச்சலில் பாதி போனது. டீக்கடையில் பக்கத்துக் காட்டு மாரப்பன் அண்ணனிடம் கேட்டே விட்டார்: "ஏனப்பா, தங்கச்சி பேச்சக் கேட்டிருந்தா மூட்டை கூடியிருக்குமல்ல?" அன்றைக்கு வீட்டில் அண்ணன் எறிந்த சோற்றுப் பானை சுவரில் உடைந்தது.

இந்த வருடம் சால் சாலாகக் குனிந்து புழுவை எண்ணினேன். பூத்தபோதும் எண்ணினேன், பருப்பு பிடித்தபோதும் எண்ணினேன். கெடுதல் செய்கிற அளவுக்கு இல்லை. இனிமேல் மருந்து அடித்தால் ஒரு பருப்புகூட அதிகம் விளையாது. விஷம்தான் செடியில் தங்கும். அறுத்த பிறகு அந்தச் செடியைத்தான் எங்கள் எருமை தின்னும்.

"ஒரு காயை உரிச்சுப் பாருங்க. அப்பறம் அடிங்க."

அடுத்த அடி வாயில் விழுந்தது. ரத்தம் உப்புக் கரித்தது. கிணற்றடியிலிருந்து அம்மா கத்தினாள்: "ஆம்பளகிட்ட எதுக்குடி எதிர்வாயாடற?"

நான் ஒரு காயைப் பறித்து உரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். பருப்பு கல்லாக இருந்தது. அவன் அதைத் தட்டிவிட்டான்.

"தெரியும். நேத்தே கடிச்சுப் பாத்துட்டேன்."

"பின்ன எதுக்கு இந்த மருந்து?"

"ரெண்டாம் வருசமும் நீ சொன்னதே நடந்துச்சுன்னு ஊருக்குள்ள ஒருத்தன் பேசக்கூடாது. அதுக்குத்தான்."

மறுபடி ஓங்கினான். குழாயைப் பிடுங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினேன். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. ஆறுச்சாமி சாலில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு ஊளையிட்டான். இன்னும் மருந்து கலந்து ஊற்றாத வெறும் தெளிப்பானை அவன் முதுகிலிருந்து கழற்றி, வரப்புக் கல்லில் நெளியும்வரை மோதினேன்.

அம்மா ஓடி வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

"பாவி! வைத்தியனக் கூப்புடுடி!"

"கூப்புடறேன். முறிஞ்ச எலும்பு ஒண்ணு சேர ஒன்றரை மாசம் ஆகும்," என்றேன். "நான் பத்து நாள்ல வெள்ளாமைய அறுத்துருவேன்."